இருபத்து மூன்று நிமிடம்... லைன் பிஸி!

போன் அடித்துக்கொண்டிருந்தது.

பிருந்தன் கடைக் கதவைத் தள்ளியபோது அந்தச் சத்தம்தான் முதலில் கேட்டது. கவுண்டர் மேலிருந்த போன். ஏழு தடவை... எட்டுத் தடவை... எடுக்க ஆளில்லை.

கொலோன் நகரம். கால்க் பகுதி. 2005 ஒக்டோபர். செவ்வாய்க்கிழமை மாலை நாலு நாற்பது.

கடையின் பெயர் 'தங்கம் கோல்ஷொப்'. உள்ளே ஆறு கண்ணாடிக் கூண்டுகள். கூண்டுக்கு ஒரு போன். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ரொறொன்ரோவுக்கும் ஆட்கள் தொண்டை கிழியக் கதைக்கிற இடம். இந்த நேரத்தில் வரிசை வாசல்வரை நிற்கும்.

இன்றைக்கு ஈ, காக்கைகூட இல்லை.

"அண்ணை..."



பிருந்தனுக்கு இருபத்து நாலு வயது. போன வாரம்வரை இந்தக் கடையில் வேலை பார்த்தவன். காலையில் இதே இடத்தில் நின்று முதலாளி தங்கராசாவுடன் வாய்ச்சண்டை போட்டவன். இப்போது மனது கேட்காமல் மன்னிப்புக் கேட்க வந்திருந்தான். சண்டை போட்டவன் போட்டபடி வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

தங்கராசா குப்புறக் கிடந்தார். தலையைச் சுற்றி இரத்தம். பக்கத்தில், ஷட்டரை இழுத்துவிடுகிற இரும்புக் கம்பி.

புத்தியுள்ளவன் அப்படியே வெளியே ஓடிப் பொலிசைக் கூப்பிட்டிருப்பான். பிருந்தனுக்குப் புத்தியைவிடப் பாசம் கூட. முழந்தாளில் விழுந்து அவரைப் புரட்டி மடியில் போட்டான். சட்டை முழுக்க இரத்தம். இடைஞ்சலாகக் கிடந்த கம்பியை எடுத்து ஓரமாக வைத்தான்.

வெறுங்கையால்!

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. இரத்தக் கையாலேயே எடுத்தான்.

"எவ்வளவு நேரமா அடிக்கிறன்... ஏனப்பா எடுக்கேல்லை?"

தங்கராசாவின் மனைவி பிளோறன்ஸ்.

"அக்கா... நான் பிருந்தன்... அண்ணை விழுந்து கிடக்கிறார். மூச்சில்லை அக்கா..."

மறுமுனையில் அலறல் கேட்டது. அது நிற்க வெகுநேரம் ஆயிற்று.

* * *

பொலிஸ் கொமிஸார் ஹார்ட்மானுக்கு இதைவிடச் சுலபமான வழக்கு இருபது வருடத்தில் கிடைத்ததில்லை.

சட்டையில் இரத்தம். கம்பியில் கைரேகை. காலையில் சண்டை.

சண்டை எதற்கு என்றும் விசாரித்துவிட்டார். தங்கராசாவிடம் ஒரு கெட்ட பழக்கம். கூண்டுக்குள் ஆட்கள் கதைப்பதைக் கவுண்டரில் இருந்தபடியே காதில் மாட்டிக் கேட்பார். பிருந்தன் யாழ்ப்பாணத்தில் நிச்சயம் செய்திருந்த பெண்ணோடு கதைத்ததையும் கேட்டார். கேட்டதோடு விட்டாரா? கோயிலில் நாலு பேருக்கு நடுவில் அவனைப் போலவே கொஞ்சிக் காட்டினார். சபை சிரித்தது. பிருந்தன் வேலையை விட்டான். செவ்வாய் காலை கடைக்கு வந்து, வாடிக்கையாளர் மூன்று பேர் முன்னால் கத்தினான்.

"இண்டைக்கே இந்தக் கடையைப் பூட்ட வைக்கிறன், இருந்து பாருங்கோ."

அதைக் கேட்ட மூன்று பேரும் பொலிசில் சொல்லிவிட்டார்கள். ஒருத்தர்கூடச் சொல் மாற்றவில்லை.

கடைசி வாடிக்கையாளர் கடையை விட்டுப் போனது நாலு ஒன்பதுக்கு. கல்லா மெஷின் அடித்த ரசீது இருக்கிறது. பிருந்தன் உள்ளே வந்தது நாலு நாற்பதுக்கு என்கிறான். அதற்கு முன் எங்கே இருந்தாய் என்று ஹார்ட்மான் கேட்டார். ரைன் நதிக்கரையில் தனியாக நடந்துகொண்டிருந்தேன் என்றான். யார் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை.

மனைவியையும் ஹார்ட்மான் விட்டுவைக்கவில்லை. புருஷன் செத்தால் பொலிஸ் முதலில் பார்ப்பது பெண்சாதியைத்தான். ஆனால் பிளோறன்ஸ் வீட்டில் இருந்திருக்கிறாள். செல்வராசா என்ற குடும்ப நண்பர் அவருடைய வீட்டுப் போனிலிருந்து அவளுடைய வீட்டுப் போனுக்கு எடுத்திருக்கிறார். நாலு எட்டிலிருந்து நாலு முப்பத்தொன்று வரை. டெலிபோன் கம்பெனியே எழுத்தில் கொடுத்துவிட்டது. அவள் வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடை. போனை வைத்துவிட்டு ஓடி வந்து, கொன்று, திரும்பி ஓடி, நாலு நாற்பதுக்கு வீட்டிலிருந்து கடைக்குப் போன் அடிக்கப் பொழுது போதாது.

ஆக, பிருந்தன்.

அரசாங்க வக்கீல் கொலை என்று எழுதப் போகிறார். எழுதினால் ஆயுள். பிருந்தனுக்கு ஒதுக்கப்பட்ட ஜேர்மன் வக்கீல் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கே நம்பிக்கை இல்லை. கோபத்தில் அடித்துவிட்டேன் என்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டால் ஏழெட்டு வருடத்தோடு முடிக்கலாம் என்றார்.

சிறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிருந்தன். இந்தப் பக்கம் அவன் அக்கா தக்சாயினி. அவளுக்கு முப்பது வயது. தாய் தகப்பன் இல்லாத தம்பியை அவனுடைய பதினொரு வயதில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள்.

"அக்கா, நான் செய்யேல்லை."

"தெரியும்."

"டிசம்பரிலை நான் கட்டப்போறவளுக்குக் கொழும்பிலை விசா டேர்மின், தூதரகத்திலை நாள் குடுத்திருக்கினம். அவளுக்கு என்ன சொல்லப் போறியள்?"

தக்சாயினி எழும்பினாள். வெளியே வந்து, பஸ் தரிப்பில் நின்று, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

* * *

புதன்கிழமை மத்தியானம் செல்வராசா வந்தார்.

ஒரு வீட்டில் இடி விழுந்தால் மற்ற வீட்டார் சாப்பாட்டோடு வருவது வழக்கம். செல்வராசா இடியப்பப் பார்சலோடு வந்தார். நாற்பத்தைந்து வயது. தனியாள். டெலிபோன் லைன் பழுது பார்க்கிற கொன்ட்ராக்ட் கம்பெனியில் பத்து வருடமாக வேலை. தெரு மூலைகளில் இடுப்பளவு உயரத்தில் சாம்பல் நிறப் பெட்டிகள் நிற்குமே... நூற்றுக்கணக்கான வீடுகளின் டெலிபோன் கம்பிகள் வந்து சேரும் பெட்டிகள்... கால்க் பகுதியில் அந்தப் பெட்டிகளின் சாவி இருப்பது அவர் இடுப்பில்.

கதிரையில் இருந்தார். பிருந்தனைச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்றார். அவன் அப்படிச் செய்கிற பிள்ளை இல்லை என்றார். ஆனால் கோபம் ஆரை விட்டது என்றும் சொன்னார். நெற்றி வியர்த்தது. துடைத்தார். வெளியே ஒக்டோபர் குளிர்.

"நீங்கள் அந்த நேரம் பிளோறன்ஸ் அக்காவோட கதைச்சனீங்களாம், என்ன?" தக்சாயினி சும்மாதான் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. நான் என்ர வீட்டிலை, அவ தன்ர வீட்டிலை. நாலு எட்டிலையிருந்து நாலு முப்பத்தொண்டு மட்டும்."

அவர் போன பிறகும் அந்த வசனம் தக்சாயினியின் காதை விட்டுப் போகவில்லை.

நாலு எட்டு. நாலு முப்பத்தொன்று.

எந்தத் தமிழன் இப்படிச் சொல்வான்? நாலு மணிபோல என்பான். கொஞ்ச நேரம் என்பான். அரை மணித்தியாலம் என்பான். பாடமாக்கியவன் மட்டும்தான் நிமிடத்தோடு சொல்வான்!

* * *

தக்சாயினி வேலை செய்வது 'ரைன்ஸ்பிரிண்ட்' என்ற சின்ன இண்டர்நெட் கம்பெனியில். பழுதுப் பிரிவு.

கால்க் தெருக்களில் தமிழ் வீடுகள் முக்காலும் ரைன்ஸ்பிரிண்டுக்கு வந்தது அவளால்தான். கோயில் திருவிழாவில் கூட அவள் ஒரு கட்டு விண்ணப்பம் கையில் வைத்திருப்பாள். ஆனால் எங்கள் சனத்திடம் ஒரு பிடிவாதம் உண்டு. இண்டர்நெட்டை மாற்று என்றால் மாற்றும். டெலிபோன் நம்பரை மாற்று என்றால் அடிக்க வரும். ஊரில் இருக்கிற சொந்தங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான நம்பர். சண்டைக் காலத்தில் செத்த செய்தி வந்த நம்பர், பிறந்த செய்தி வந்த நம்பர். அதை யார் விடுவார்கள்?

அதனால் எல்லோரும் ஒரே மாதிரிச் செய்தார்கள். போன் பழைய பெரிய கம்பெனியிலேயே. இண்டர்நெட் மட்டும் ரைன்ஸ்பிரிண்டில். வீட்டுக்கு வருவது ஒரே ஒரு சோடிச் செப்புக் கம்பி. அதன் கீழ்ப்பாதியில் குரல் போகும், அது பெரிய கம்பெனிக்கு. மேல்பாதியில் இண்டர்நெட் போகும், அதை ரைன்ஸ்பிரிண்ட் வாடகைக்கு எடுத்திருந்தது. சட்டமே அப்படிப் பங்கு போட இடம் கொடுத்தது.

வியாழக்கிழமை காலை. பக்கத்து மேசையில் பார்த்தசாரதி. திருச்சிக்காரர். கார்ல்ஸ்ரூஹேயில் படித்துவிட்டு வந்த நெட்வொர்க் எஞ்சினியர். பயந்த சுபாவம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆளே இல்லாத ரோட்டில்கூடக் கால் வைக்காத மனிதர்.

லைன் அறுந்தால் மெஷின் தானாகவே ஒரு பட்டியலில் குறித்து வைக்கும். எந்த வீடு, எத்தனை மணிக்கு அறுந்தது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது. அடுத்தடுத்த நாளில் பழுதுப் பிரிவு அதைப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமைப் பட்டியலை இன்றைக்குப் பார்ப்பது தக்சாயினியின் முறை.

முதல் பக்கம். மேலிருந்து கீழே வந்தாள். கடைசி வரி.

செல்வராசா வீடு. அறுந்தது 16:08. திரும்பி வந்தது 16:31.

தக்சாயினி அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள்.

"பார்த்தசாரதி... ஒருக்கா இஞ்சை வாங்கோ."

அவர் வந்து பார்த்தார். ஏதோ ஒரு லைன் டிராப், இதில் என்ன என்றார். அவள் மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னாள். அந்த இருபத்து மூன்று நிமிடமும் அந்த வீட்டிலிருந்து போன் பேசியதாகப் பெரிய கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. போன் பேசினால் இண்டர்நெட் அறுமா?

"வாய்ப்பே இல்லைங்க. வீட்டுச் சுவத்துல ஸ்ப்ளிட்டர் இருக்குல்ல, அந்த வெள்ளை டப்பா. அது குரலையும் டேட்டாவையும் பிரிச்சிடும். நாள் முழுக்கப் பேசினாலும் நெட் போகாது."

"அப்ப இது?"

பார்த்தசாரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்த டப்பாவுக்கு முன்னாடி, கம்பியிலயே நேரா ஒரு போனைக் கொக்கி மாட்டிப் பேசினா மட்டும்தான் இப்படி ஆகும். ஃபில்டர் இல்லாத போன் லைன்ல ஏறினதும் மேல்பாதி செத்துடும். போனைக் கழட்டினதும் உயிர் வரும். லைன்மேன்கள் டெஸ்ட் பண்ண ஒரு கைப்போன் வச்சிருப்பாங்க பாருங்க, அந்த மாதிரி."

"தெருப் பெட்டியிலை கொழுவினால்?"

"கரெக்ட். பெரிய கம்பெனிக்கு அது வீட்ல இருந்து பேசின மாதிரிதான் தெரியும்."

தங்கம் கோல்ஷொப்பின் பின்பக்கச் சுவரோரம் ஒரு சாம்பல் பெட்டி நிற்கிறது. செல்வராசா வீட்டுக் கம்பி போவதும் அதன் வழியாகத்தான்.

செல்வராசா தன் வீட்டில் இல்லை. கொலை நடந்த கடையிலிருந்து பத்தடியில் நின்றிருக்கிறார்!

தக்சாயினி அடுத்த பக்கத்தைத் திறக்கப் போனாள். பார்த்தசாரதி எட்டி, திரையை அணைத்துவிட்டார்.

"போதுங்க. கஸ்டமர் டேட்டா இது. வெளியில சொன்னா உங்க வேலை போகும், என் வேலை போகும், என் விசாவும் போகும். ப்ளீஸ்ங்க."

பாவம், நல்ல மனிதர். அடுத்த பக்கத்தின் முதல் வரியை அன்றைக்கு இருவருமே பார்க்கவில்லை.

* * *

பத்து வருடமாகக் கம்பியோடு புழங்கியவர் எப்படிக் கோட்டை விட்டார்?

விட்டார். டெலிபோன்காரனின் மூளை அது. போன் பேசிய கணக்கு போன் கம்பெனியிடம் இருக்கும். பொலிஸ் அங்கேதான் கேட்கும். இண்டர்நெட் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும், வீட்டில் யார் இருக்கிறார்கள் பார்க்க? கம்பியின் மற்றப் பாதிக்காரனும் ஒரு கணக்கு எழுதுவான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வியாழன் மாலை தக்சாயினி கொமிஸார் ஹார்ட்மானின் அறையில் இருந்தாள். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். எதைச் சொன்னால் வேலை போகும், எதைச் சொல்லாவிட்டால் தம்பி போவான் என்று.

ஜேர்மனில் பேசினாள்.

"பிளோறன்ஸுக்கும் செல்வராசாவுக்கும் இடையில் நடந்த போனைப் பற்றி எந்தக் கம்பெனியிடம் கேட்டீர்கள்?"

"டெலிபோன் கம்பெனியிடம். வேறு யாரிடம் கேட்பது?"

"அந்தக் கம்பியில் இரண்டு கம்பெனிகள் குடியிருக்கின்றன. நீங்கள் ஒருவரின் கதவைத்தான் தட்டியிருக்கிறீர்கள்."

ஹார்ட்மான் பேனாவைக் கீழே வைத்தார். மற்றக் கம்பெனி என்ன சொல்லும் என்று கேட்டார். அதை நான் சொல்லக்கூடாது, சொன்னால் குற்றம், நீதிபதியின் உத்தரவோடு நீங்களே கேளுங்கள் என்றாள். செவ்வாய்க்கிழமை, நாலு எட்டிலிருந்து நாலு முப்பத்தொன்று வரை, கடைக்குப் பின்னால் நிற்கிற தெருப் பெட்டி வழியாகக் கம்பி போகும் வீடுகள் எல்லாம். அவ்வளவுதான் அவள் சொன்னது.

"உங்கள் தம்பி என்பதற்காக இதைச் செய்கிறீர்களா?"

"ஆம்," என்றாள் தக்சாயினி. "வேறு எதற்காகச் செய்வேன்?"

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

* * *

திங்கட்கிழமை. காலை ஒன்பதரை.

பொலிஸ் கட்டடத்தின் மூன்றாம் மாடி நடைபாதையில் தக்சாயினி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு அறைக்குள் பிருந்தனும் வக்கீலும். அவர்கள் முன்னால் மேசையில் ஒப்புதல் தாள். கையெழுத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம். சனிக்கிழமையே செல்வராசாவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அவளுக்குக் காதில் விழுந்திருந்தது. ஆனால் தம்பியை ஏன் இன்னும் விடவில்லை? 

பிளோறன்ஸ் வந்தாள். கறுப்புச் சேலை. கழுத்தில் சின்னச் சிலுவை. வாக்குமூலத்தை உறுதிப்படுத்த வரச் சொல்லியிருந்தார்களாம். தக்சாயினியின் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ர தம்பியை நான் மன்னிச்சிட்டன் பிள்ளை. ஜெபத்திலை அவனுக்காகவும் கேக்கிறனான்."

 இவளுக்கு இன்னும் செல்வராசா விஷயம் தெரியாதா? தெரிந்தால் உடைந்துபோவாளே என்று பேதை தக்சாயினி பரிதாபப்பட்டாள்.

கதவு திறந்தது. ஹார்ட்மான் பிளோறன்ஸை உள்ளே கூப்பிட்டார்.

உள்ளே இன்னொரு ஆள் இருந்தார். பார்த்தசாரதி! கோட்டெல்லாம் போட்டு, மடியில் ஒரு ஃபைலை அணைத்தபடி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல விறைத்திருந்தார். கம்பெனி அனுப்பிய சாட்சி. நீதிபதியின் உத்தரவு வந்துவிட்டதால் இனி அவருக்குப் பயமில்லை.

ஹார்ட்மான் பழைய கேள்விகளைப் புதிதாகக் கேட்டார். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு எங்கே இருந்தீர்கள்? வீட்டில். யார் போன் எடுத்தார்கள்? செல்வராசா. எந்தப் போனில் பேசினீர்கள்? ஹாலில் சுவரோடு இருக்கிற போனில். நடுவில் எழும்பிப் போனீர்களா? இல்லை, இருபத்து மூன்று நிமிடமும் அங்கேயேதான். என்ன பேசினீர்கள்? தேவாலயத்துப் பெருநாளைப் பற்றி.

எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"மிஸ்டர் பார்த்தசாரதி, இனி நீங்கள். உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். ஒரு சொல்கூட அவருக்கு விளங்காமல் போகக்கூடாது."

பார்த்தசாரதி தொண்டையைச் செருமினார்.

"மேடம்... செல்வராசா அன்னைக்கு வீட்ல இருந்து பேசலை. உங்க கடைக்குப் பின்னாடி இருக்கிற தெருப் பெட்டியில, அவர் லைன்ல டெஸ்ட் போனை மாட்டிப் பேசியிருக்கார். எங்க மெஷின்ல பதிவாகியிருக்கு."

பிளோறன்ஸ் ஒரு தடவை கண் சிமிட்டினாள். ஒரே ஒரு தடவை.

அடுத்த நொடி அழத் தொடங்கினாள்.

"கடவுளே... அப்ப அவனோ? என்ர மனிசனைக் கொன்றுபோட்டு, எனக்குப் போன் எடுத்துப் பெருநாளைப் பற்றிக் கதைச்சவனோ? எனக்கு எப்பிடித் தெரியும்... நான் வீட்டிலை இருந்து நம்பிக் கதைச்சுக்கொண்டு இருந்திட்டன்..."

பார்த்தசாரதி அதை ஜேர்மனில் சொன்னார். ஹார்ட்மான் தலையாட்டினார். அவர் எதிர்பார்த்தது இதைத்தான்.

செல்வராசா இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை என்று அவர் சொன்னார். நீங்களாவது அவரைக் காப்பாற்றுவீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். நீங்கள் ஒரு நிமிடத்தில் கைவிட்டீர்கள். அதிருக்கட்டும்... இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது.

பார்த்தசாரதி ஃபைலில் அடுத்த தாளைத் திருப்பினார். முதல் வரியில் விரல் வைத்தார்.

"அதே பெட்டி. அதே 16:08, அதே 16:31. இன்னொரு லைனும் டிராப் ஆகியிருக்கு மேடம். அது உங்க வீட்டு லைன்."



"நீங்க ஹால்ல உட்கார்ந்து பேசியிருந்தா, உங்க ஸ்ப்ளிட்டர் இருக்கு, நெட் போயிருக்காது. உங்க லைன்லயும் ஒரு போனைப் பெட்டியிலயே மாட்டியிருக்காங்க. ஒரு போன்ல டயல் பண்ணி, இன்னொரு போன்ல அவரே எடுத்திருக்கார். ரெண்டு முனையிலயும் அவர் ஒருத்தர்தான் இருந்திருக்கார். உங்க வீட்ல அந்த நேரம் யாரும் போனைத் தொடவே இல்லை."

பிளோறன்ஸ் அழுகையை நிறுத்திவிட்டாள். கண்ணில் ஈரம்கூட இல்லை.

மிச்சத்தை ஹார்ட்மான் சொன்னார். பெட்டிக்கு எதிரே ஒரு குழந்தைகள் பள்ளி. மாலை ஐந்து மணிக்குப் பெற்றோர் வரும்வரை பிள்ளைகள் வெளியே விளையாடும். செம்மஞ்சள் சட்டை போட்ட ஒரு டெலிபோன்காரர் அரை மணித்தியாலம் காதுக்கு ஒரு போனாக இரண்டு போனை வைத்துக்கொண்டு நின்றாராம். பிள்ளைகள் சிரித்தார்களாம். அவர் பதிலுக்குக் கைகூட ஆட்டவில்லையாம், இரண்டு கையும் வேலையாக இருந்ததால். திறந்த பெட்டியை விட்டு நகரக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் விதி. ஒரு அடிகூட நகரவில்லை என்று டீச்சர் சத்தியம் செய்கிறார்.

ஆக, செல்வராசா கடைக்குள் போகவே இல்லை.

போனது யார்?

அவள் கைவிட்டதைக் கேட்டதும் பக்கத்து அறையில் செல்வராசா வாயைத் திறந்துவிட்டார். அவருக்கு அவள் சொன்ன கதை வேறு. ஊரில் சமாதானம் வந்துவிட்டது, கடையை விற்றுவிட்டு இனி யாழ்ப்பாணத்தில்தான் குடியிருப்பு என்று தங்கராசா தீர்மானித்திருந்தார். அவளுக்குப் போக விருப்பமில்லை. செல்வராசாவையும் விட விருப்பமில்லை. தன் பாஸ்போர்ட்டைப் புருஷன் கடை மேசைக்குள் பூட்டி வைத்திருக்கிறார், செவ்வாய் நாலு மணிக்கு அவர் வெளியே போகிறார், அந்த நேரம் எடுத்துவிடுகிறேன் என்றாள். ஆனால் அரை மணிக்கொருக்கால் வீட்டுக்குப் போன் அடித்து அவள் இருக்கிறாளா என்று பார்ப்பது அந்த மனிதரின் வழக்கம். வீட்டு லைன் பிஸியாக இருக்க வேண்டும். சும்மா போனைத் தூக்கி வைத்தால் ஊளையிட்டு அறுந்துவிடும். யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

காதல் வந்த டெலிபோன்காரன் வேறு என்ன செய்வான்? இரண்டு லைனிலும் தானே பேசினான்.

தங்கராசா வெளியே போகவில்லை. போகப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஷட்டர் கம்பி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

காலையில் பிருந்தன் கத்திவிட்டுப் போனதை மத்தியானம் புருஷனே போனில் சொல்லிச் சிரித்திருக்கிறார். பழிக்கு ஆளும் கிடைத்துவிட்டது. நாலு நாற்பதுக்கு அவனே வந்து போனை எடுத்தபோது அவள் போட்ட அலறல் பாதி நடிப்பு, பாதி சந்தோஷம்!

"ஐயோ... அவள் அப்பிடிச் செய்வாள் எண்டு எனக்குத் தெரியாது..." பக்கத்து அறையிலிருந்து செல்வராசா யாரிடமோ அழுதுகொண்டிருந்தது மெல்லக் கேட்டது. ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

* * *

ஒன்பது ஐம்பத்தைந்து.

மற்ற அறையின் கதவு திறந்தது. வக்கீல் வெளியே வந்தார். கையில் ஒப்புதல் தாள். அதில் கையெழுத்து இல்லை. பின்னாலேயே பிருந்தன்.

தக்சாயினி ஓடிப்போய் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"வெறுங்கையாலை அந்தக் கம்பியை ஏன்டா தூக்கினனீ? ஆரடா உனக்குச் சொன்னது?"

பிறகு அவனைக் கட்டிப்பிடித்து, வாய்விட்டு அழுதாள். இந்த முறை அவன் அவளுடைய தலையைத் தடவினான். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவை.

கதவோரம் பார்த்தசாரதி நின்றிருந்தார். பட்டியலை முதலில் பார்த்தது யார் என்று கம்பெனியில் கேட்டார்களாம். தானேதான் என்று சொல்லிவிட்டாராம். சொன்ன பிறகு தண்ணீர் குடிக்க இரண்டு தடவை எழும்பினாராம். தக்சாயினி அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவருக்கு அதற்கும் பயமாக இருந்தது.

இரண்டு பெண் பொலிஸார் பிளோறன்ஸை நடத்திக்கொண்டு வந்தார்கள். தக்சாயினியைக் கடக்கும்போது அவள் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நடைபாதை முடிவில் இருந்த மேசையருகே நின்றாள். அதில் ஒரு போன்.

"எனக்கு வக்கீலோடு பேச வேண்டும்," என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

ஹார்ட்மான் ரிசீவரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"தாராளமாக, அம்மா. ஆனால் இந்தத் தடவை நீங்களே பேசுங்கள்."